காய்ந்தால்தான் கம்பளம்

சிவாஸ் நகரத்தில் மாடிக் குடியிருப்புகளின் படிக்கட்டு துடைப்பதையே பிழைப்பாக வைத்திருந்த பெரிஹானுக்கும் அவளுடைய நாத்தனார் குல்தெனுக்கும், கம்பளம் அலசும் கடை வைக்கலாம் என்ற எண்ணம் ஒரே நாளில் தோன்றிவிடவில்லை. வாளியை இறக்கி வைத்துப் படியைத் துடைத்துக்கொண்டிருக்கும்போது யாராவது ஒரு வீட்டம்மா கதவைத் திறந்து, நல்லபடியாகக் கம்பளம் அலசுகிற ஆள் யாரையாவது தெரியுமா என்று கேட்பாள். முதலில் தெரியாது என்றார்கள். பிறகு விசாரித்துச் சொல்கிறோம் என்றார்கள். இப்படிப் பதில் சொல்லிச் சொல்லி வருஷங்கள் ஓடிய பிறகு, இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவில் ஒருநாள் குல்தென் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு, ஊரே தேடுகிற அந்த ஆள் நாமாகவே இருந்துவிட்டுப் போனால் என்ன என்று கேட்டாள். பெரிஹான் இன்னும் இரண்டு படி துடைத்த பிறகு, இருக்கலாமே என்றாள்.

குல்தென், பெரிஹானின் கணவன் எக்ரெமுக்குத் தங்கை. கட்டியவனோடு ஒத்துவராமல் பிரிந்து வந்த நாளிலிருந்து அண்ணன் வீட்டு மாடியறையில்தான் இருந்தாள். நாத்தனாரும் அண்ணியும் ஓயாமல் ஒருவரையொருவர் சீண்டிக்கொண்டே இருப்பார்கள். ஆனால் ஒருத்தி இல்லாமல் இன்னொருத்தி வேலைக்குக் கிளம்ப மாட்டாள். கல்யாணத்தில் போட்ட தங்க வளையல்களை இருவரும் கழற்றி விற்றார்கள். அடுத்த தெருவில் டயர் பஞ்சர் ஒட்டும் கடை ஒன்று காலியாகக் கிடந்தது. அதன் சொந்தக்காரர் ஹைதர் நல்ல மனுஷர்தான்; ஆனால் சுவரில் ஓர் ஆணி அடிப்பதென்றாலும் தன்னைக் கேட்க வேண்டும் என்பார். அங்கே தண்ணீர்க் குழாய் இருந்தது, தரையில் சாக்கடைப் பக்கம் வாட்டம் இருந்தது, பெரிய மோட்டார் ஓடக்கூடிய மின்சாரமும் இருந்தது. கடையை வாடகைக்குப் பேசி முடித்தார்கள். என்ன இயந்திரம் வாங்குவது என்பதுதான் பாக்கி.

அந்தக் கேள்விக்கு எக்ரெமிடம் பதில் தயாராக இருந்தது. அவன் நகரப் பேருந்து ஓட்டுகிறவன். மோட்டார் வைத்த எதைப் பார்த்தாலும் அவனுக்கு மனசு இளகிவிடும். கைசேரியில் இருந்த ஒரு வியாபாரியிடமிருந்து விலைப்பட்டியல் புத்தகம் வரவழைத்திருந்தான். அதன் நடுப்பக்கத்தில் முழுத் தானியங்கி இயந்திரம் ஒன்று, ஒரு பேருந்தின் முன்பாதி அளவுக்கு நீலமாக நின்றது. ஒரு பக்கம் அழுக்குக் கம்பளத்தைக் கொடுத்தால் மறுபக்கம் வெளுத்து வந்துவிடும் என்று கீழே எழுதியிருந்தது. எக்ரெம் அந்தப் பக்கத்தைத் தனியாகக் கிழித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு தேநீர்க்கடை முழுக்கக் காட்டிவிட்டான். குல்தெனுக்கும் அதில் ஆசை விழுந்துவிட்டது. படிக்கட்டுகளில் முட்டி தேய்ந்து போனவளுக்கு, பொத்தானை அமுக்கிவிட்டு நின்று வேடிக்கை பார்க்கிற வேலை என்றால் கசக்குமா?

பெரிஹான் மட்டும் பிடி கொடுக்கவில்லை. இரவுச் சாப்பாட்டின்போது எக்ரெம் மறுபடி அந்தப் படத்தை எடுத்து ரொட்டிக்கூடை மேல் சாய்த்து வைத்தான்.

"ஃபோட்டோவைப் பாத்து ஒருத்தரைக் கட்டிக்கிட்டேன்" என்றாள் பெரிஹான். "அதோட போதும். இனிமே எதையும் நேர்ல பாக்காம வாங்கமாட்டேன்."

எக்ரெம் தன் வழுக்கையைத் தடவிக்கொண்டான். "ஃபோட்டோவுல முடி இருந்துச்சு. அதானே உன் குறை?"

"இந்த மெஷினுக்கும் ஃபோட்டோவுல முடி இருக்கு. நேர்ல எப்பிடியோ."

மறுநாள் காலையில் குல்தென் மாடியிலிருந்து இறங்கி வந்தபோது, பெரிஹான் நடைவழிக் கம்பளத்தைத் கனத்த ஒரு கத்தரிக்கோலால் மூன்று துண்டாக வெட்டிக்கொண்டிருந்தாள். குல்தென் படியிலேயே நின்றுவிட்டாள். அந்தக் கம்பளம் அவள் நெசவாலையில் வாங்கிய முதல் சம்பளத்தில் அண்ணன் கல்யாணத்துக்குக் கொடுத்த சீர்.

"அண்ணி, வெட்டுறதுக்கு வீட்ல வேற எதுவுமே கிடைக்கலியா? என் தலை கூட இருந்துச்சே."

"உன் தலையில அழுக்கு பத்தாது. இதுல பதினெட்டு வருஷ அழுக்கு இருக்கு" என்று சொல்லிவிட்டு பெரிஹான் விஷயத்தை விளக்கினாள். தர்பூசணி வாங்கினாலும் தட்டிப் பார்த்துத்தான் வாங்குகிறோம். இயந்திரத்தை மட்டும் கடைக்காரன் வாய்ச்சொல்லில் ஏன் வாங்க வேண்டும்? ஒரே கம்பளம், ஒரே அழுக்கு. இரண்டு கடைகளில் ஆளுக்கொரு துண்டைக் கொடுத்து அலசச் சொல்வது, மூன்றாவதை அப்படியே வைத்துக்கொண்டு ஒப்பிட்டுப் பார்ப்பது. இதுதான் அவள் திட்டம்.

குல்தென் இரண்டு நாள் அவளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்றாம் நாள் தானே வந்து, வெறும் தூசி போதாது, ஊர்க்காரர்கள் வீட்டில் என்னென்ன கொட்டுவார்களோ அதையெல்லாம் கொட்ட வேண்டும் என்று சொல்லி, துண்டுகளின் மேல் பால் விடாத கடுந்தேநீர் ஊற்றினாள். பெரிஹான் தக்காளி விழுது தடவினாள். திராட்சைப் பாகு, உருகிய ஆட்டுக் கொழுப்பு என்று இருவருக்கும் வேகம் கூடிக்கொண்டே போயிற்று. பனி உருகிச் சேறாகிக் கிடந்த வாசலில் மூன்றையும் விரித்துப் போட்டு, வருகிறவர் போகிறவரையெல்லாம் நன்றாக மிதித்துவிட்டுப் போகச் சொன்னார்கள். ஒரு வாரம் கழித்து அவற்றைச் சுருட்டி எடுத்தபோது எக்ரெம் மூக்கைப் பிடித்துக்கொண்டு தெருக்கோடி வரை போய்விட்டான்.

கைசேரிக்கு இரண்டு பெண்களும் காலைப் பேருந்தில் போனார்கள். அந்த வியாபாரியின் கடை ஒரு கல்யாண மண்டபம் போல இருந்தது. தரையில் முகம் தெரிந்தது. கழுத்துப்பட்டை கட்டிய தோல்கா என்ற விற்பனைக்காரன் ஓடி வந்து உட்கார வைத்துத் தேநீர் கொடுத்தான். பேச்சு இனிமையாகத்தான் இருந்தது. ஆனால் அவன் கண் அடிக்கடி வாசல் பக்கம் போயிற்று. வீட்டுக்காரர் வண்டியை நிறுத்திவிட்டு வருகிறாரா என்று கடைசியில் கேட்டே விட்டான்.

"அவரு பஸ் ஓட்டுறாரு. கம்பளம் அலசப்போறது நாங்க" என்றாள் பெரிஹான்.

தோல்கா சிரித்துச் சமாளித்துக்கொண்டு, செயல்விளக்கத்துக்கென்று வைத்திருந்த கம்பளத்தை எடுத்து வந்தான். அது ஏறக்குறையப் புதுசு. நடுவில் மட்டும் தேநீர்க் கறை ஒன்று வட்டமாக, பொட்டு வைத்தது போல இருந்தது. பெரிஹான் தன் பையைப் பிரித்து முதல் துண்டை அந்தப் பளபளத்த தரையில் விரித்தாள். தோல்கா ஓரடி பின்வாங்கினான். உள்ளே கணக்கு எழுதிக்கொண்டிருந்தவர் எழுந்து வந்து ஜன்னலைத் திறந்தார்.

ஆனால் இயந்திரத்தைக் குறை சொல்வதற்கில்லை. நீல வயிற்றுக்குள் துண்டு போயிற்று. தூரிகைகள் உருண்டன, நுரை பொங்கியது, தண்ணீர் பீய்ச்சியது. மறுபக்கம் வெளியே வந்ததைப் பார்த்து குல்தென் வாயைப் பொத்திக்கொண்டாள். கம்பளம் பச்சை நிறத்தில் இருந்தது.

"நான் குடுத்தப்போ பச்சைதான் அண்ணி" என்றாள். "நீதான் பழுப்பாக்கி வெச்சிருந்தே."

பெரிஹான் குனிந்து அதைத் தடவிப் பார்த்தாள். கம்பளம் பழுப்பு நிறம்தான் என்று அவள் உண்மையிலேயே நம்பிக்கொண்டிருந்தாள்.

குல்தென் அங்கேயே முன்பணம் கொடுத்துவிடலாம் என்று துடித்தாள். தண்ணீர் சொட்டிக்கொண்டிருக்கிறதே, இதைப் பிழிவது எப்படி என்று பெரிஹான் கேட்டாள். அதற்குத் தனியாக இன்னோர் இயந்திரம் உண்டு, வியாபாரம் சூடு பிடித்த பிறகு வாங்கிக்கொள்ளலாம், எல்லாரும் முதலில் இதைத்தான் வாங்குகிறார்கள் என்றான் தோல்கா. துண்டை இறுக்கச் சுருட்டி, பாலிதீன் தாளில் கட்டி, பரிசுப்பொருள் மாதிரி நீட்டினான். மற்ற இடங்களையும் பார்த்துவிட்டு வருகிறோம் என்று பெரிஹான் எழுந்துகொண்டாள். கையில் வந்த மாப்பிள்ளையைக் கைநழுவ விட்ட பெண்ணைப் போல குல்தென் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தாள். மதியம் சாப்பாட்டுக் கடையில் தயிர் ஊற்றிய மாவுக் கொழுக்கட்டையைச் சாப்பிட்டபோதும் அவள் வாய் சாப்பிடுவதற்கு மட்டும்தான் திறந்தது.

இரண்டாவது இடம் ஊருக்கு வெளியே, பட்டறைகள் இருக்கும் பகுதியில், பழைய இயந்திரங்களை வாங்கி விற்கும் முற்றம். அதன் முதலாளி ரெஜெப் ஒரு கவிழ்த்த பீப்பாயின் மேல் உட்கார்ந்து வெங்காயமும் ரொட்டியும் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். வந்தவர்களைப் பார்த்து எழுந்திருக்கவும் இல்லை, விலகிக்கொள்ளவும் இல்லை. கம்பளம் அலசுகிற சாமான் இருக்கிறதா என்றதற்கு ரொட்டியாலேயே மூலையைக் காட்டினான். மூடிப்போன ஒரு கடையிலிருந்து வந்த இரண்டு பொருள்கள் அங்கே கிடந்தன. ஒன்று, கைப்பிடி வைத்து நின்றுகொண்டே தள்ளுகிற வட்டத் தூரிகை இயந்திரம். இன்னொன்று, ஓர் ஆள் படுத்துக்கொள்ளும் நீளத்துக்கு ஓட்டை ஓட்டையாகத் துளைத்த இரும்புக் குழாய். சுருட்டிய கம்பளத்தை உள்ளே செருகினால் மோட்டார் அதை அதிவேகமாகச் சுழற்றித் தண்ணீரை உதறிவிடும். அந்தக் கடை ஏன் மூடிற்று என்று பெரிஹான் கேட்டாள். முதலாளி தன் மகளோடு அந்தாலியாவுக்குப் போய்க் கடலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், இயந்திரத்தின் மேல் குற்றமில்லை என்றான் ரெஜெப்.

"நாங்களே அலசிப் பாக்கலாமா?"

"பாருங்க. ஆனா கைப்பிடியை மேல தூக்கினா அது வலப்பக்கம் ஓடும், கீழ அமுக்கினா இடப்பக்கம் ஓடும். ரெண்டுக்கும் நடுவுல புடிச்சாத்தான் நிக்கும். புருஷனை வெச்சுக் குடும்பம் நடத்தினவங்களுக்கு இது வரும்."

"நான் அதை விட்டுட்டு வந்தவ" என்றபடி குல்தென் கைப்பிடியைப் பிடித்தாள். வெறுப்போடுதான் பிடித்தாள். பொத்தானை அமுக்கியதும் இயந்திரம் அவளை இழுத்துக்கொண்டு வலப்பக்கம் கிளம்பிற்று. அவள் பதறிக் கைப்பிடியை இன்னும் தூக்க, அது இன்னும் வேகமெடுத்தது. முற்றத்தில் அரைவட்டம் போட்டு, அடுக்கி வைத்திருந்த பழைய வாஷ்பேசின்களில் போய் முட்டித்தான் நின்றது. ரெஜெபுக்கு ரொட்டி புரையேறிவிட்டது. பெரிஹான் சிரிப்பை அடக்கத் தலைத்துணியின் முனை போதாமல் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். குல்தென் தலைத்துணியை இழுத்துக் கட்டிக்கொண்டு இயந்திரத்தைத் தரதரவென்று திருப்பி இழுத்து வந்தாள். மறுபடி பிடித்தாள். இந்த முறை அது இரண்டு பக்கமும் கொஞ்சம் முரண்டிவிட்டு, பிறகு அவள் சொன்னபடி கேட்க ஆரம்பித்தது. அவள் முகத்தில் மெதுவாக ஒரு மாற்றம் வந்தது. துண்டு அலசி முடிந்த பிறகும் அவள் நிறுத்தவில்லை. முற்றத்துக் கற்களையும் ஒரு சுற்றுத் தேய்த்துவிட்டுத்தான் விட்டாள்.

அந்தத் துண்டும் பச்சையாகிவிட்டது. ஓரத்தில் கொழுப்புக் கறை மட்டும் லேசாக நிழலாடியது. பிறகு அதைக் குழாய்க்குள் செருகி ரெஜெப் விசையைத் தட்டினான். குழாய் உறுமியது. அடிவழியே பழுப்புத் தண்ணீர் மடைதிறந்தது போலக் கொட்டி, சற்று நேரத்தில் நூலாகி, நின்றது. செய்தித்தாளில் சுற்றிக்கொண்டு அவர்கள் பேருந்துக்கு ஓடினார்கள்.

பேருந்தில் இரண்டு துண்டுகளையும் தலைக்கு மேலிருந்த தட்டில் வைத்துவிட்டு உட்கார்ந்தார்கள். குல்தென் இன்னும் நீல இயந்திரத்துக்காகத்தான் வாதாடினாள். கைசேரியைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில், முன் இருக்கையில் இருந்த அம்மாள் தலையைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு மேலே பார்த்தாள். பாலிதீன் கட்டின் ஒரு முனையிலிருந்து தண்ணீர் ஒவ்வொரு சொட்டாக, அவசரமே இல்லாமல், அவள் தலைத்துணி மேலும் மடியில் இருந்த இனிப்புப் பெட்டி மேலும் விழுந்துகொண்டிருந்தது. பேருந்து வளைந்தபோது சொட்டு தாரையாயிற்று.

பெரிஹான் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே கட்டை இழுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். அவள் பாவாடையும் நனைந்து, காலணிக்குள்ளும் தண்ணீர் இறங்கிற்று. நடத்துனர்ப் பையன் வந்து, இது பயணிகள் பேருந்தா மீன்வண்டியா என்று கேட்டுவிட்டு, பயணிகளுக்குக் கையில் ஊற்றுகிற எலுமிச்சை வாசனைத் தண்ணீரைக் கம்பளத்தின் மேலேயே தாராளமாகக் கொட்டிவிட்டுப் போனான். குல்தென் எழுந்து மற்றத் துண்டைத் தொட்டுப் பார்த்தாள். சுற்றியிருந்த செய்தித்தாள்கூட ஈரமாகவில்லை.

நனைந்த அம்மாளின் பெயர் நாஜியே. கோபக்காரி இல்லை. கட்டுக்குள் என்ன என்று கேட்டாள். சொன்னதும், தன் கதையைச் சொன்னாள். "நானும் போன வருஷம் பெருநாளுக்கு அலசப் போட்டேன்மா. சுத்தமாத்தான் கொண்டுவந்து குடுத்தான். ஆனா உள்ளுக்குள்ள ஈரம். பத்து நாள் வீடு பூரா மழையில நனைஞ்ச ஆட்டுமந்தை வாசனை. சம்பந்தி வீட்டுக்காரங்க வந்து உக்காந்தாங்க, மூக்கைச் சுளிச்சாங்க, எங்க குடும்பத்தையே ஒரு மாதிரியா பாத்தாங்க."

"இந்த வருஷம் திரும்பக் குடுப்பீங்களா?" என்று பெரிஹான் கேட்டாள்.

"அவன்கிட்டயா? அழுக்கோடவே கிடக்கட்டும்."

அதன்பிறகு பெரிஹான் வெகுநேரம் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டு வந்தாள். படிக்கட்டுகளில் கதவைத் திறந்து கேட்ட பெண்கள் எல்லாரும் ஒருவர் பின் ஒருவராக அவள் நினைவுக்கு வந்தார்கள். ஊரில் கம்பளம் அலசுகிறவர்கள் இல்லாமல் இல்லை. அது தெரிந்துதான் அத்தனை பேரும் 'நல்லா அலசுற ஆளு' என்று கேட்டிருக்கிறார்கள். நல்லா என்றால் என்ன என்று, இத்தனை வருஷத்தில் அவளோ குல்தெனோ ஒருத்தியிடமாவது திருப்பிக் கேட்டதில்லை.

அருகில் குல்தென் இரண்டு துண்டுகளையும் மாறி மாறிக் கன்னத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணி, நம்ம ஊர்ல வருஷத்துல எத்தனை மாசம் வெயில் அடிக்குது?"

"அடிக்கிற அன்னிக்கு எல்லாரும் அவங்கவங்களே வாசல்ல போட்டு அலசிக்குவாங்க" என்றாள் பெரிஹான். "மிச்ச நாளுக்குத்தான் நம்மகிட்ட வருவாங்க."

குல்தென் செய்தித்தாளில் சுற்றிய துண்டை மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு, அந்த ரெஜெப் குழாயை வேறு யாருக்காவது விற்றுவிட்டால் என்ன செய்வது என்று கவலைப்பட ஆரம்பித்தாள்.

ஊர் வந்து சேர்ந்து, கடை பூட்டியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போகலாம் என்று அந்தத் தெருவில் திரும்பினார்கள். கடைக்குள்ளிருந்து தூசி புகையாக வந்துகொண்டிருந்தது. எக்ரெமும் அவனோடு பேருந்து ஓட்டுகிற மூன்று பேரும் சம்மட்டியோடு நின்றார்கள். பின்சுவரில், யானை நுழைகிற அளவுக்கு ஓட்டை. நீல இயந்திரத்தின் அளவைப் புத்தகத்தில் பார்த்து, வாசலை அளந்து, நுழையாது என்று கண்டுபிடித்து, மனைவிக்கு ஓர் ஆச்சரியம் கொடுக்கலாம் என்று அவன் விடுமுறை போட்டு இடித்திருக்கிறான். தலை முதல் கால் வரை சுண்ணாம்பு. முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

"எப்ப வருது மெஷினு?" என்றான்.

அந்த நேரம் பார்த்து ஹைதர் முன்வாசல் வழியே உள்ளே வந்தார். ஆணி அடிக்கவே அனுமதி கேட்க வேண்டியவர்கள் சுவரையே எடுத்துவிட்டதைப் பார்த்து, தொப்பியைக் கழற்றினார், திரும்பப் போட்டுக்கொண்டார், கடைசியில் டயர் ஒன்றின் மேல் உட்கார்ந்துவிட்டார். நாளைக்கே அந்த ஓட்டையை அடைத்தாக வேண்டும் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

வீட்டில் பெரிஹான் நடந்ததைச் சொன்னபோது எக்ரெமுக்கு மனசு உடைந்துபோயிற்று. தேநீர்க்கடையில் அத்தனை பேரிடமும் சொல்லியாயிற்று, இனி எந்த முகத்தோடு போவேன் என்று புலம்பினான். பழைய இரும்புக் குழாயை வாங்கப்போகிறார்களாம், சிரிக்க மாட்டார்களா? தங்கையாவது தன் பக்கம் நிற்பாள் என்று அவளைப் பார்த்தான்.

"அண்ணே, நீ சொன்ன மெஷினு அலசும். இல்லேங்கல" என்றாள் குல்தென். "ஆனா காய வைக்காது. ஈரக் கம்பளத்தைக் கொண்டுபோய் நாலு வீட்ல குடுத்தோம்னா, அப்ப டீக்கடையில உன்னைப் பத்திப் பேசுறதே வேற மாதிரி இருக்கும். அண்ணி சொல்றதுதான் சரி."

நாத்தனார் வாயிலிருந்து இந்த வார்த்தை வந்ததும் பெரிஹான் கையிலிருந்த தட்டைக் கீழே வைத்துவிட்டாள். இரண்டு துண்டுகளையும் அடுப்பறையில் பக்கத்தில் பக்கத்தில் விரித்தார்கள். விடிந்து முதலில் எழுந்தவன் எக்ரெம்தான். வெறுங்காலை ஒன்றின் மேல் வைத்தான், காய்ந்திருந்தது. மற்றொன்றின் மேல் வைத்தான். சில்லென்று விரலிடுக்கில் தண்ணீர் ஏறிற்று. காலைத் துடைத்துக்கொண்டு, கைசேரியிலிருந்து குழாயைக் கொண்டுவர லாரி வைத்திருக்கிற சிநேகிதன் ஒருவன் இருக்கிறான் என்று சொல்லிவிட்டுத் தேநீர் போடப் போனான்.

ஓட்டையை அடைக்கக் கொத்தனார் வருவதற்கு முன்னால் பெரிஹான் கடைக்குப் போனாள். முன்வாசலைத் திறந்ததும் பின்சுவர் ஓட்டை வழியாகக் காற்று குபுகுபுவென்று பாய்ந்து அவள் தலைத்துணியைப் பறித்துக்கொண்டு தெருவுக்குப் போயிற்று. அவள் அதைத் துரத்தவில்லை. வீட்டுக்கு ஓடி, இன்னும் ஈரமாயிருந்த துண்டை எடுத்து வந்து, முன்வாசலுக்கும் ஓட்டைக்கும் நடுவில் கயிறு கட்டித் தொங்கவிட்டாள். ஹைதர் கொத்தனாரோடு வந்தபோது, மாலை வரை பொறுக்கச் சொன்னாள். அவரும் முணுமுணுத்துக்கொண்டே பொறுத்தார். மாலையில் அவரே வந்து துண்டை இரண்டு கையாலும் பிசைந்து பார்த்தார். ஓட்டைக் காற்றில் அது நன்றாகக் காய்ந்திருந்தது. ஓட்டைக்கு நல்ல இரும்புக் கதவு ஒன்று போட வேண்டும், பெருநாளுக்குப் பெருநாள் தன் வீட்டுக் கம்பளங்களை முதலில் அலசித் தர வேண்டும் என்ற இரண்டு நிபந்தனைகளோடு கொத்தனாரைத் திருப்பி அனுப்பினார்.

குழாயும் தூரிகை இயந்திரமும் லாரியில் வந்து இறங்கின. காய வைக்கிற மரச்சட்டங்கள் சிலவற்றை, எடுத்துக்கொண்டு போனால் இடம் காலியாகும் என்று ரெஜெப் சும்மாவே ஏற்றி அனுப்பியிருந்தான். எல்லாம் நல்லபடி போயிற்று என்று நினைத்த முதல் நாளே குழாய் வேலையைக் காட்டியது. தரையில் இன்னும் பொருத்தாமல், ஓடுகிறதா என்று மட்டும் பார்ப்போம் என்று குல்தென் ஒரு கனத்த கம்பளத்தை ஒருபக்கமாகச் செருகி விசையைப் போட்டாள். குழாய் உறுமி, உதறி, தரையைவிட்டுத் துள்ளி, அவளை நோக்கியே நடந்து வர ஆரம்பித்தது. குல்தென் பின்சுவர் ஓட்டை வழியே வெளியே பாய்ந்தாள். எக்ரெம் பாய்ந்து மின்சாரத்தை நிறுத்தினான்.

அன்றைக்குத்தான் அவனுக்கு அந்தக் குழாயின் மேல் மரியாதை வந்தது. பணிமனையிலிருந்து மெக்கானிக் ஒருவரை அழைத்து வந்து, தரையைத் தோண்டி, கம்பி கட்டி, காங்கிரீட் போட்டு, நான்கு பக்கமும் திருகாணி முடுக்கினான். கம்பளத்தை எப்படிச் சமமாகச் சுருட்டிச் செருக வேண்டும் என்று மூன்று பேரும் பழைய சாக்குகளை வைத்துப் பழகினார்கள். தேநீர்க்கடையில் யாரோ நீல இயந்திரம் எங்கே என்று கேட்டபோது, தன் கடையில் இருக்கிற மோட்டார் போடுகிற வேகத்துக்கு உங்கள் பேருந்து எஞ்சினெல்லாம் கிட்டே நிற்க முடியாது என்று எக்ரெம் சொன்னதாகக் கேள்வி.

முதலில் படிக்கட்டு துடைத்த வீடுகளிலிருந்து நாலைந்து கம்பளங்கள்தான் வந்தன. பெரிஹான் ஒவ்வொன்றையும் கொண்டுபோய்க் கொடுக்கும்போது, விரித்து உட்கார்ந்து பார்க்கச் சொன்னாள். உட்கார்ந்து பார்த்தவர்கள் பக்கத்து வீட்டில் சொன்னார்கள். நோன்பு மாதம் பிறந்தபோது கடைக்குள் நடக்க வழியில்லை. குல்தென் தூரிகை இயந்திரத்தை ஒற்றைக் கையால் ஓட்டினாள். மற்றக் கையால் யாராவது வாசலில் செருப்போடு நுழைந்தால் விரட்டினாள். எக்ரெம் வேலை முடிந்து வந்து சீருடையைக் கழற்றி மாட்டிவிட்டுச் சுருட்டுவதும் செருகுவதுமாக இருந்தான். பெரிஹான் சட்டங்களில் தொங்குகிறவற்றைத் தடவித் தடவி, காய்ந்ததை இறக்கி, காயாததைத் திருப்பிப் போட்டாள். ஒரு மூலை ஈரமாயிருந்தாலும் அவள் வெளியே அனுப்பமாட்டாள்.

ஒருநாள் நோன்பு திறக்கிற நேரத்துக்கு வீட்டுக்குப் போக முடியாமல் கடையிலேயே விரிப்பைப் போட்டு உட்கார்ந்தார்கள். மேலே வரிசை வரிசையாகக் கம்பளங்கள் தொங்கின. பருப்புச் சூப்பும் சூடான ரொட்டியும் பேரீச்சம்பழமும் நடுவில் இருந்தன. நோன்பு திறக்கலாம் என்று ஊருக்கு அறிவிக்கிற பீரங்கிச் சத்தத்துக்குக் காது கொடுத்துக் காத்திருந்த நேரத்தில், கனத்த உடம்புள்ள ஓர் அம்மாள் மூச்சு வாங்கிக்கொண்டு உள்ளே வந்தாள். தன் கம்பளம் ஆயிற்றா என்று கேட்டாள். பெரிஹான் எழுந்து இறக்கிக் கொடுத்தாள். வந்தவள் யாரையும் பொருட்படுத்தாமல் அதைப் பிரித்து, முகத்தைப் புதைத்து, ஆழமாக மூச்சை இழுத்தாள். மூன்று பேரும் சூப்புக் கரண்டியோடு அவளையே பார்த்தார்கள்.

"ஒண்ணுமே வாசனை வரலியே" என்றாள் அவள்.

"வரக்கூடாதும்மா" என்றாள் பெரிஹான்.

பீரங்கி வெடித்தது. அந்த அம்மாளும் நோன்புதான். எக்ரெம் நகர்ந்து இடம் கொடுத்தான், குல்தென் அவள் கையில் பேரீச்சம்பழத்தை வைத்தாள். அவள் தன் கம்பளத்தையே மடித்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள். இரண்டாவது கிண்ணம் சூப்பைக் குடிக்கும்போதுதான், தங்கள் கட்டடத்தில் எட்டு வீடுகள் இருக்கின்றன, எல்லாரும் தன்னைத்தான் முதலில் போய்ப் பார்த்துவிட்டு வரச் சொன்னார்கள் என்று சொன்னாள்.

பெரிஹான் மேலே தொங்குகிறவற்றைக் கணக்குப் போடுவது போலப் பார்த்தாள். "பெருநாளுக்குள்ள முடியுமா குல்தென்?"

குல்தென் கிண்ணத்தை ரொட்டியால் வழித்துச் சாப்பிட்டுவிட்டு, கைகளைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "நீ பேசிக்கிட்டே இருந்தா முடியாது அண்ணி" என்று சொல்லிவிட்டுப் போய்த் தண்ணீர்க் குழாயைத் திறந்தாள்.